கோயிலடியில் எல்லா வீடும்

"வீட்டுக் கூரையை விரலால தொட்டுக் காட்டினால் போதும், அன்ரி. மிச்சத்தை சிஸ்டம் பாத்துக்கொள்ளும்," என்றான் தர்சிகன்.

"ஆற்ற சிஸ்டம்?"

"எங்கட கொம்பனியின்ர."

"கொம்பனி ஆற்ற?"

மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது. கேட்டவர் நோர்பரி நகுலேஸ்வரி. லண்டனின் அந்தத் தொங்கலிலிருந்து ரெண்டு ரயில் மாறி வெம்பிளிக்கு வந்தவர், குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றாமல் முன்வரிசையில் இருந்தார்.

"அக்கா, பெடியன் கௌசியின்ர மகன். இல்ஃபோர்ட் கௌசி. உங்களுக்குத் தெரியாத ஆளே?" என்று பத்மநாதன் இடையில் புகுந்தார். இலந்தைப்புலம் மக்கள் ஒன்றியத்தின் தலைவர் அவர். கூட்டம் நடப்பதும் அவருடைய பலசரக்குக் கடையின் மேல்மாடியில்தான்.

"கௌசியைத் தெரியும். கொம்பனியைத்தான் தெரியேல்லை."

சுவரில் விழுந்திருந்த வெளிச்சத்தில் இலந்தைப்புலம் மேலிருந்து பார்த்தபடி கிடந்தது. ஓட்டுக்கூரைகள், பனங்காணிகள், நடுவில் பிள்ளையார் கோயிலும் கேணியும். ஊரைவிட்டு வந்தவர்கள் தங்கள் ஊரை ஒரு பறவையின் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கண் யாருடையது என்பதுதான் எல்லோருக்கும் கேள்வியாக இருந்தது.

தர்சிகன் பொறுமையாகச் சொன்னான். அவனுடைய கொம்பனி, சண்டை முடிந்த நாடுகளுக்குப் பொதுமக்கள் பாதுகாப்புக்கான மென்பொருள் செய்கிறது. அப்படியான நாடுகளில் ஒழுங்கைக்குப் பெயர் இருக்காது, வீட்டுக்கு இலக்கம் இருக்காது, ஆட்கள் இடம் மாறியிருப்பார்கள். அம்புலன்ஸைக் கூப்பிட்டால், அது நாலு சந்தியில் நின்று வழி கேட்டு வருவதற்குள் ஆள் முடிந்துவிடும். இப்போது வடக்கில் சில ஊர்களில் பரீட்சித்துப் பார்க்கப்போகிறார்கள். இலந்தைப்புலமும் அதில் ஒன்று.

"அப்ப அங்க இருக்கிற சனத்தைக் கேக்கிறதுதானே? லண்டனில எங்களை ஏன் பிடிச்சு வைச்சிருக்கிறாய்?"

"கேட்டது, அன்ரி. ஒருத்தரும் செய்யினமில்லை. ஃபோனை வாங்கிப் பாத்திட்டுத் திருப்பித் தருகினமாம்."

"ஏன் செய்யினமில்லை எண்டு கேட்டனியோ?"

"பிஸி எண்டு சொன்னவை."

இந்தமுறை சிரிப்பு இன்னும் பலமாக வந்தது. தர்சிகனும் சிரித்தான், ஏன் என்று விளங்காமலே.

பின்வரிசையிலிருந்து சந்திரவதனா கேட்டாள். "பொலிசும் இதைப் பாக்குமோ, தம்பி?"

"பாக்கும், அன்ரி. அம்புலன்ஸ், ஃபயர், பொலிஸ், மிதிவெடி எடுக்கிற ஆக்கள், எல்லாருக்கும் ஒரே மப். அதுதான் இதின்ர பொயின்ற்."

"என்னென்ன தெரியும்?"

"வீட்டுக்காரற்ற பேர், ஃபோன் நம்பர், எத்தினை பேர் இருக்கினம் எண்டு. வருத்தக்காரர் இருந்தால் அது."

"எத்தினை பேர் எண்டது எதுக்கு?"

"நெருப்புப் பிடிச்சால் எத்தினை பேரை வெளியில எடுக்கவேணும் எண்டு தெரியவேணுமே."

"ஆமி சுத்திவளைச்சாலும் எத்தினை பேரை வெளியில எடுக்கவேணும் எண்டு தெரியவேணும்தானே," என்றார் சுவரோரம் இருந்த கொட்வின்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

பத்மநாதன் தொண்டையைச் செருமினார். "பழைய கதையளை விடுங்கோ. எங்கட தாய் தேப்பன், சகோதரங்கள் அங்க கிடக்குதுகள். அதுகளுக்காகத்தான் இது. எல்லாரும் அவரவர் வீட்டைக் குறியுங்கோ. ஒன்றியத்தின்ர தீர்மானம். றோல்ஸ் ஆறுது, சாப்பிடுங்கோ."

*

சந்திரவதனா கிங்ஸ்பரியில் ஒரு பாமசியில் வேலை. அண்ணன் ஜம்புநாதனுக்கு என்ன குளிசை எப்போது என்று அவளுக்கு மனப்பாடம். இரண்டு முறை நெஞ்சடைத்து, ஒருமுறை குழாய் வைத்த இதயம் அவருடையது. மனைவி இல்லை. பிள்ளைகள் கனடாவில். ஊர்வீட்டில் அவர் தனியாக இருக்கிறார் என்றுதான் எல்லோருக்கும் சொல்வது.

தனியாக இல்லை. இறந்துபோன அக்காவின் மகன் பிரவீணன் பின்னறையில் இருக்கிறான். இயக்கத்தில் இருந்தவன், சரணடைந்தவன், தடுப்பிலும் புனர்வாழ்விலும் வருடங்களைக் கழித்துவிட்டு வெளியே வந்தவன். வெளியே விட்டாலும் விட்டதாக இல்லை. எங்கேயாவது ஒரு போத்தல் வெடித்தால், ஒரு சுவரில் எழுதியிருந்தால், அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். பதிவின்படி அவன் இருப்பது வவுனியாவில். அங்கே அறை எடுத்துக் கொடுத்த மனிதரையும் விசாரிக்கத் தொடங்கிய பிறகுதான் ஒருநாள் மழையோடு மழையாக மாமன் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். இங்கே அவன் இருப்பது எந்தப் பொலிஸ் கந்தோருக்கும் தெரியாது.

"அண்ணை, பசுக்கண்டு எப்பிடி?" என்று வதனா தொலைபேசியில் கேட்டாள்.

"நல்லாப் புல்லுத் தின்னுது. நேற்றுக் கிணத்தடி முழுக்கத் துப்புரவாக்கினது."

"கண்டு கிணத்தடி துப்புரவாக்குதோ?"

"கெட்டிக்காரக் கண்டு."

இப்படித்தான் கதைப்பது. ஒட்டுக்கேட்பவர் எவராக இருந்தாலும் அவருக்கும் இது விளங்கும் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் பெயரைச் சொல்லிக் கதைக்க நா எழுவதில்லை.

"வெம்பிளியில ஒரு கூட்டம் நடந்தது," என்று வதனா மென்பொருளைப் பற்றிச் சொன்னாள்.

"நல்ல விசயம்தானே. போடு. போனமுறை எனக்கு நெஞ்சடைச்சபோது அம்புலன்ஸ் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில போய் நிண்டது. முன்வீட்டுக் கந்தையற்ற ஓட்டோ இல்லையெண்டால் நீ செத்தவீட்டுக்கு ரிக்கற் எடுத்திருப்பாய்."

"பசுக்கண்டு?"

அண்ணன் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "நீதான் யோசி. எனக்கு உயிர் ஒண்டு. அவனுக்கும் ஒண்டுதான்," என்றார். அவன் என்று வாய்தவறிச் சொன்னதை இருவரும் கேட்காததுபோல் விட்டார்கள்.

அடுத்தநாள் ஜூபிலி லைன் ரயிலில் இருந்தபடி அவள் கைபேசியைத் திறந்தாள். பெயர் கேட்டது: ஜம்புநாதன். தொலைபேசி இலக்கம் கேட்டது: அண்ணனுடையது. எத்தனை பேர்: ஒருவர். பிறகு படம் விரிந்தது. வீட்டின் ஓட்டுக்கூரையையும் அதற்குப் பின்னால் ஒட்டிய தகரப் பின்னறையையும் அவள் உடனே கண்டுபிடித்தாள். தகரம் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. சிவப்புப் புள்ளியை விரலால் அங்கே இழுத்துக்கொண்டு போனவள், ஒழுங்கை முகப்பில் நின்றுவிட்டாள். பிறகு அதைத் திருப்பி இழுத்துக் கோயில் வாசலில் விட்டாள்.

பொய் சொன்னதாக அவளுக்குத் தோன்றவில்லை. சண்டை நடந்த வருடங்களில் சோதனைச்சாவடியில் எங்கே வீடு என்று கேட்டால், ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பதில் ஒன்று இருந்தது. கோயிலடி. தெற்கே இருந்தாலும் கோயிலடி, குளத்தடியில் இருந்தாலும் கோயிலடி. ஊரைக் காட்டிக்கொடுக்கும், வீட்டைக் காட்டிக்கொடுக்காது.

*

தர்சிகன் பாமசிக்கே வந்துவிட்டான். இடைவேளை நேரம், வாசலில் பேருந்துத் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் இருவரும் நின்றார்கள்.

"அன்ரி, உங்கட ஊரில வீடே இல்லையோ?"

"என்ன கதை இது?"

"எல்லாரும் கோயிலில இருக்கிறியள்."

அவன் கைபேசியை நீட்டினான். இலந்தைப்புலம் முழுவதும் வெறுமையாக இருந்தது. பிள்ளையார் கோயிலின் மேல் மட்டும் ஒரு சிவப்பு வட்டம், உள்ளே உள்ளதைப் பார்க்க முடியாதபடி புள்ளிமேல் புள்ளி.

வதனாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"ஆராரெண்டு பாக்கலாமோ?"

"பாக்கலாம். நகுலேஸ்வரி அன்ரி. நீங்கள். கொட்வின் அங்கிள்."

"கொட்வின் அண்ணை வேதக்காரனெல்லே. அவரும் பிள்ளையாரிட்டயோ?"

"ஓம். சேர்ச் பக்கத்திலயே இருக்கு. ஆனா கோயிலிலதான் போட்டிருக்கிறார்."

"தலைவர்?"

"அங்கிள் மேற்கு வீதியில." என்றான் தர்சிகன். "தீர்மானம் போட்ட ஆளும் கோயில் வீதியில. நான் உங்கட எனிமியோ, அன்ரி? அம்மாவைத் தெரியும் எண்டு சொல்லுறியள். பேந்து ஏன்?"

"உன்னிலை சந்தேகமில்லை, தம்பி."

"அப்ப ஆரிலை?"

பேருந்து ஒன்று வந்து நின்று போனது.

"இது பரவாயில்லை," என்றான் அவன். "பிரச்சினை வேற. இவ்வளவு குடும்பம் ஒரே இடத்தில எண்டால், சனநெரிசல், ஆபத்து கூட எண்டு சிஸ்டம் எடுக்கும். தானா எடுக்கும், ஆரும் சொல்லத் தேவையில்லை. அங்க ரோந்து போடச் சொல்லிப் பொலிசுக்கு அட்வைஸ் குடுக்கும்."

"குடுத்திட்டுதோ?"

"போன கிழமை."

"போட்டிட்டாங்களோ?"

"கோயில் வாசலில ஒரு ஜீப் நிக்குது, அன்ரி. காலமையும் பின்னேரமும்."

வதனா கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "இதுக்குத்தான் நாங்கள் பயந்தது," என்றாள்.

"இதை நீங்கள்தான் செய்தது," என்றான் தர்சிகன்.

செய்தி ஒன்றியத்தின் வாட்சப் குழுவில் வேறுவிதமாகப் பரவியது. 'ஜீப் வந்திட்டுது. அண்டைக்கே சொன்னனான்' என்று நகுலேஸ்வரி எழுதினார். அதன்கீழே கட்டைவிரல்கள் வரிசையாக நிமிர்ந்தன. புள்ளியை மாற்றுங்கள் என்று தர்சிகன் எழுதியதை எல்லோரும் பார்த்தார்கள். ஒருவரும் மாற்றவில்லை. ஜீப் வந்த பிறகு வீட்டைக் காட்ட எவருக்கு மனம் வரும்? வதனாவும் மாற்றவில்லை.

*

ஒரு வியாழக்கிழமை காலை, ஒரு கிழவருக்குக் கண் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது பிரவீணனின் அழைப்பு வந்தது. அவன் ஒருபோதும் நேரே அழைப்பதில்லை. வதனா மருந்துப் பெட்டிகள் அடுக்கிய பின்னறைக்குள் போனாள்.

"சின்னம்மா, மாமாக்கு ஏலாமல் கிடக்கு. வேர்த்துக் கொட்டுது. இடக்கை விறைக்குதாம்."

"அஸ்பிரின் குடுத்தனியோ?"

"குடுத்தனான்."

"கடிச்சு முழுங்கச் சொன்னனியோ?"

"ஓம். அம்புலன்சுக்கும் அடிச்சிட்டன். அது வந்து கோயிலடியில நிக்குது. மப்பில அங்கதானாம் வீடு. டிறைவர் இறங்கிக் கோயிலுக்குள்ள போய்த் தேடினவனாம்."

"ஒழுங்கையைச் சொல்லன்."

"சொன்னன். மதகடியால திரும்பு எண்டன். மதகை உடைச்சுப் பாலம் போட்டாச்சு, அவனுக்கு எது மதகு எண்டு தெரியாது. அந்த ஜீப்பில நிக்கிறவங்கள் தாங்கள் வீடு வீடாய்க் கேட்டுக் கூட்டிக்கொண்டு வாறம் எண்டாங்களாம்."

"கந்தையற்ற ஓட்டோ?"

"கலியாணவீட்டுக்குப் போட்டினம். பக்கத்து வீடும் பூட்டு."

"பிரவீண், கேள். அண்ணையைப் படுக்க வைச்சிட்டு, முன்கதவைத் திறந்துவிட்டிட்டு, நீ பின்வேலியால போ."

"படுக்க வைச்சால் மூச்சு முட்டுது. நெஞ்சில சாத்தி இருத்தி வைச்சிருக்கிறன். நான் கையை எடுத்தால் மனிசன் சரிஞ்சு விழுந்திடும். நான் போகேல்லை, சின்னம்மா. அதைப்பற்றிக் கதைக்காதேங்கோ. அம்புலன்சை மட்டும் கூப்பிடுங்கோ."

அழைப்பைத் துண்டிக்காமலே அவள் படத்தைத் திறந்தாள். கோயிலிலிருந்து புள்ளியை இழுத்தாள். கேணியைத் தாண்டி, பனங்காணியைத் தாண்டி, ஒழுங்கைக்குள். அவசரத்தில் புள்ளி ஒருமுறை கிணற்றுக்குள் விழுந்தது. தூக்கிக் கூரைமேல் வைத்தாள். உறுதியா என்று கேட்டது. ஓம் என்று அமர்த்தினாள்.

"மாத்திட்டன். அண்ணையின்ர ஃபோனால டிறைவருக்கு அடிச்சுப் பாக்கச் சொல்லு."

"சத்தம் கேக்குது," என்றான் பிரவீணன் சற்றுநேரத்தில். "திரும்பிட்டுது. வருது, சின்னம்மா."

"தனியவோ?"

அவன் யன்னலால் பார்த்திருக்க வேண்டும்.

"இல்லை. பின்னால ஜீப்பும் வருது."

*

ஜம்புநாதன் தப்பினார். அரைமணித்தியாலம் பிந்தியிருந்தால் சொல்ல முடியாது என்று யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியில் சொன்னார்களாம். அந்தச் செய்தியோடு மற்றச் செய்தியும் வந்தது. பிரவீணன் இப்போது பசுக்கண்டுக் கதை எதுவும் இல்லாமல் நேரடியாகவே சொன்னான்.

"அண்டைக்கு ஜீப்பில வந்தவன், 'ஒராள் எண்டுதானே கிடக்கு, நீர் ஆர்' எண்டு கேட்டவன். பேரைச் சொன்னன். மாமாவைப் பாக்க வந்தனான் எண்டன்."

"பிறகு?"

"நேற்று ரெண்டுபேர் மோட்டார்சைக்கிளில வந்தவங்கள். காக்கி உடுப்பில்லை, சேட்டும் ஜீன்சும். தேத்தண்ணி குடிச்சவங்கள். ஒருத்தன் ஃபோனைக் காட்டினவன். 'ஊர் முழுக்கக் கோயிலில இருக்கேக்கை நீங்கள் மட்டும் ஏன் வீட்டில இருக்கிறியள்' எண்டு கேட்டுச் சிரிச்சவன்."

"மிரட்டினவங்களோ?"

"இல்லை. நல்ல மரியாதை. போகேக்கை, பிறகு வாறம் எண்டிட்டுப் போட்டாங்கள்."

"அங்கயிருந்து வெளிக்கிடு."

"மாமா நாளைக்கு வீட்டை வாறார். ஆர் பாக்கிறது? இனி எங்க போனாலும், ஏன் போனது எண்டு கேப்பாங்கள்."

வதனா அன்றிரவு முழுவதும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒருமுறை பார்த்ததே போதுமாக இருந்தது. வெறும் ஊர், கோயில்மேல் ஒரு சிவப்பு வட்டம், தள்ளி ஓர் ஒழுங்கைக்குள் தன்னந்தனியாக ஒரு புள்ளி. லண்டனிலிருந்து பார்த்தாலே கண்ணில் குத்தியது. அங்கே கந்தோரில் இருந்து பார்ப்பவனுக்கு எப்படி இருக்கும்?

முதலில் தர்சிகனைத்தான் கேட்டாள். "அழிக்க ஏலுமோ?"

"ஏலும், அன்ரி. ஆனால் அழிச்சது ஆர், எப்ப எண்டு பொலிசுக்குப் போகும்."

"அந்த வீட்டில புதுசா ஏறின ரெண்டாவது பேரை?"

"அது அவங்கள் போட்டது. என்னால பாக்க மட்டும்தான் ஏலும். பாத்தன். பக்கத்தில ஒரு கேள்விக்குறி போட்டிருக்கு. அது என்னத்துக்கெண்டு ஒஃபீசில கேட்டன். கிளையன்ற் பாக்கிற விசயம், எங்களுக்கில்லை எண்டு சொன்னவை."

*

பத்மநாதனின் மேல்மாடியில் மறுபடியும் கூடினார்கள். வதனா நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். பிரவீணன் என்ற பெயரை முதன்முறையாக இந்த மனிதர்கள் முன்னால் சொன்னாள். சிலர் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்கட அக்கான்ர மகனோ? வெளிநாட்டில எண்டெல்லோ சொன்னனீர்?" என்றார் பத்மநாதன்.

"சொன்னனான்."

"அப்ப இப்ப என்ன செய்யவேணும் எண்டுறீர்?"

"எல்லாரும் உங்கட உண்மையான வீட்டில போடுங்கோ."

மண்டபம் கசமுசவென்றது. நகுலேஸ்வரி கையை உயர்த்தி அடக்கினார். "உம்மட வீடு வெளியில வந்திட்டுது. இப்ப எங்கடையும் வரவேணுமோ?"

"ஓம், அக்கா."

"ஓமோ?"

"ஓம். அதைத்தான் கேக்கிறன். ஊருக்காக எண்டு சொல்ல வரேல்லை. ஒரு வீடு மட்டும் தெரிஞ்சால் அந்த வீட்டைத்தான் பாப்பாங்கள். எல்லா வீடும் தெரிஞ்சால் அதுவும் ஒரு வீடு."

"எங்களுக்கு என்ன வரும்?"

"ஜீப் கோயில் வாசலை விட்டுப் போகும். அம்புலன்ஸ் வரும். வேற என்ன வரும் எண்டு எனக்குத் தெரியாது. பயம்தான்."

"ஆக்களின்ர எண்ணிக்கை?" என்று கொட்வின் கேட்டார். "அதையும் உண்மையாப் போடவேணுமோ?"

"போட்டால் நல்லம். ஒராள் எண்டு போட்ட இடத்தில ரெண்டுபேர் நிண்டதாலதான் கேட்டவங்கள்."

கொட்வின் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். அவர் மட்டுமல்ல. வீட்டுப் பின்னறையில் யாராவது இருக்கிறாரா என்று அங்கே எவரும் எவரையும் கேட்கவில்லை.

"தலைவர், நீங்கள்தான் தொடங்கவேணும்," என்றது ஒரு குரல்.

"நான் ஏன்? செயலாளர் இருக்கிறார்."

"தீர்மானம் உங்கடை."

பத்மநாதன் கைபேசியை எடுத்தார். சுவரில் விழுந்த படத்தில், கோயிலின் மேற்கு வீதியிலிருந்து ஒரு புள்ளி மெல்லக் கழன்று, தெற்கே நகர்ந்து, ஒரு கூரையின்மேல் நின்றது.

"சரி. போட்டாச்சு," என்றார்.

வதனா சுவரைப் பார்த்தாள். "அது உங்கட வீடில்லை, அண்ணை. உங்கட வீட்டுக்கு முன்வளவு. பாழடைஞ்ச வீடு."

"ஓமோ? கண்ணாடி போடேல்லை."

"கண்ணாடி போட்டிருக்கிறியள்."

சனம் சிரித்தது. பத்மநாதனின் முகம் சிவந்தது. "என்ர வீட்டுக் கூரையை நீர் ஏன் இவ்வளவு வடிவாத் தெரிஞ்சு வைச்சிருக்கிறீர்?"

"உங்கட வளவுக்காலதான் பள்ளிக்கூடம் போனனான். உங்கட ஐயா கத்துவார்."

புள்ளி இன்னும் ஓரடி நகர்ந்து பக்கத்துக் கூரையில் ஏறியது. எண்ணிக்கை போடும்போது மட்டும் திரையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். முன்பு போட்டதைவிட ஒன்று கூடவா, குறையவா, யாருக்கும் தெரியவில்லை.

"வட்டம் இன்னும் சிவப்பாத்தானே நிக்குது," என்றார் நகுலேஸ்வரி.

"ஓம் அக்கா. உள்ளுக்க நீங்கள் நிக்கிறியள்."

நகுலேஸ்வரி சுவரை நெடுநேரம் பார்த்தார். தர்சிகன் உதவி செய்ய எழும்பி அவர் பக்கம் வந்தான்.

"நீ அங்கால நில் தம்பி," என்றார். "குறை நினையாதை. கொம்பனி வேண்டாம்." கோட்டுப் பைக்குள் கைவிட்டுக் கைபேசியை எடுத்தார். "வதனா, நீர் வாரும். எனக்கு இதில ஒரு இழவும் தெரியேல்லை. எங்கட வீட்டை நீர் காட்டும். ஆனால் எத்தினை பேர் எண்டதை நான்தான் அடிப்பன். அந்தப் பக்கம் பாக்கக்கூடாது."

வதனா கதிரையை இழுத்துக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"கோயிலிலயிருந்து வெளிக்கிடுவம், அக்கா," என்றாள். "மெல்ல இழுங்கோ. கேணி வரும், அதில விழுத்தாதேங்கோ."